ஏழரை மணிக்கு எவ்வளவு வரும்?

எங்கள் ஒழுங்கைக்குள் இன்ரநெற்றுக்குக் கண்ணாடி இழை, அதுதான் பைபர், இழுத்துக் கனகாலம். அதை வீட்டுக்குள் எடுப்பதா, இருக்கிற 4ஜி ரவுட்டரோடு காலத்தை ஓட்டுவதா என்பதில் எங்கள் வீட்டில் நாலு பேருக்கு அஞ்சு அபிப்பிராயம். அஞ்சாவது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. தம்பியுடையது. மற்ற நாலையும் விட அதற்குப் பலம் கூட, ஏனென்றால் காசு தருகிறேன் என்று சொல்கிற அபிப்பிராயம் அது ஒன்றுதான். "அண்ணா, இருக்கிறதிலேயே பெரிய பக்கேஜை எடுங்கோ. மாசக் காசு என்ர பொறுப்பு" என்பான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அம்மாவோடு கதைக்கும்போது படம் நிற்கக்கூடாது. அம்மாவோ, "எனக்கு உது ஒண்டும் வேண்டாம், குரல் கேட்டாக் காணும்" என்கிறார். மகள் ஏ.எல். படிக்கிறாள், ரியூசன் வகுப்பு வீடியோக்களை இரவில் இருந்து பார்க்கிறவள். அவள் கண்ணை மூடிக்கொண்டு பைபர் பக்கம். வீட்டுக் கணக்குப் பார்க்கிறது மனைவி. அவர் ஒருவருடைய பக்கமும் இல்லை, பில்லின் பக்கம்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்குவதை வெளிநாட்டில் இருக்கிறவர் தீர்மானிப்பது புதினம் இல்லை. தண்ணீர்த் தாங்கி, சோலார், சிசிடிவி எல்லாம் அப்படித்தான் வந்தன. ஆளில்லாத வீட்டுக்கு நாலு கமரா பூட்டிவிட்டு, மாமரத்தில் யார் ஏறுகிறான் என்று ரொறன்ரோவில் வேலைக்கு இடையில் பார்க்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். படலைக்குள் ஆடு புகுந்தால் எங்களுக்கு முதல் அவர்களுக்குத் தெரியும். ஆகவே தம்பி சொல்வதில் குறை பிடிக்க நான் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வேகம் வேகம் என்று எல்லாரும் கதைக்கிறோம். எங்கள் வீட்டுக்கு எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு வேகம் தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. துண்டுப் பிரசுரத்தோடு படலைக்கு வந்த பெடியனும் கேட்கவில்லை.

எட்டால் பிரிக்கிற கணக்கு

அந்தப் பெடியன் நல்லவன். வெயிலுக்குள் வீடு வீடாக ஏறி இறங்குகிறவன். தண்ணீர் கேட்டான், குடித்தான், பிரசுரத்தை விரித்தான். நடுவில் ஒரு பெரிய எண். "அண்ணை, நூறு எம்பிபிஎஸ். இப்ப உங்களிட்ட இருக்கிறதோட ஒப்பிட்டா எங்கயோ போயிடுவியள்." எங்கே போவேன் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்பது, அந்த எண் பிட்டில் இருக்கிறது. போனில் நாங்கள் பார்க்கிற படம், பாட்டு, கோப்பு எல்லாவற்றின் அளவும் பைட்டில் இருக்கிறது. எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்குப் பன்னிரண்டரை மெகாபைட். ஒரு ஜிபி கோப்பு இறங்க 80 செக்கன். இது நல்ல வேகம்தான், மறுக்கவில்லை. செம்புத் தொலைபேசிக் கம்பியில் ஏடிஎஸ்எல் என்ற இன்ரநெற் வந்த காலத்தில் கூடினால் 8 எம்பிபிஎஸ். அதே ஒரு ஜிபிக்கு 17 நிமிசம் பிடிக்கும். அந்த எட்டும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் கிடைத்தது. கம்பி நீள நீள வேகம் தேய்ந்துவிடும், நாலைந்து கிலோமீற்றருக்கு அப்பால் பெயருக்குத்தான் லைன்.

ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு வேண்டும்? தெளிவான எச்டி படம் ஒன்று ஓட 5 எம்பிபிஎஸ் போதும். 4கே என்றால் 15. வாட்ஸ்அப்பிலோ சூமிலோ முகம் பார்த்துக் கதைக்க ஒன்றோ இரண்டோ. மகள் ஒரு பக்கம் வகுப்புப் பார்க்க, மனைவி ஒரு பக்கம் சமையல் வீடியோ பார்க்க, நான் செய்தி பார்க்க, அம்மா தம்பியோடு கதைக்க, எல்லாம் சேர்ந்தாலும் 20ஐத் தாண்டாது. எங்கள் 4ஜி ரவுட்டர் நல்ல நாளில் இதைத் தருகிறது. அப்படியென்றால் 100 எதற்கு, 300 எதற்கு?

மனைவி இதை வேறு வழியால் பிடித்தார். பிரசுரத்தின் பெரிய எண்ணைப் பார்க்கவே இல்லை, நேரே கீழே சின்ன எழுத்துக்குப் போனார். மாதத்துக்கு எத்தனை ஜிபி என்று தேடி எடுத்து, கல்குலேற்றரைத் தட்டினார். "இஞ்சாருங்கோ, 100 ஜிபி பக்கேஜை 100 வேகத்தில விட்டா ரெண்டேகால் மணித்தியாலத்தில முடிஞ்சிடும். மிச்ச மாசம் என்ன செய்யிறது?" கணக்குச் சரி. 8,000 செக்கன், 2 மணித்தியாலம் 13 நிமிசம். யாரும் முழு வேகத்தில் விடாமல் இறக்கிக்கொண்டே இருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிற படம் எந்த லைனில் ஓடினாலும் மணித்தியாலத்துக்கு இரண்டேகால் ஜிபிதான் தின்னும். ஆனால் மனைவியின் பயத்தில் விசயம் இல்லாமல் இல்லை. லைன் மெல்லமாக இருந்தால் யூடியூப் தானாகவே தரத்தைக் குறைத்துக் காட்டும். லைன் வேகமானால் அதுவே தரத்தைக் கூட்டிவிடும். மகள் இவ்வளவு காலமும் மங்கலாகப் பார்த்த அதே பௌதிகவியல் வகுப்பு கண்ணாடி மாதிரித் தெரியும், அதே ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு மூன்று மடங்கு டேட்டா போகும். ஒருவரும் புதிதாக எதையும் பார்க்காமலே மாதம் பாதியில் முடிந்துவிடும். நடுச்சாமத்துக்குப் பிறகு தனி டேட்டா தருகிற பக்கேஜ்களும் இருக்கின்றன. அதை நம்பி ஏ.எல். பிள்ளையை நடுச்சாமத்துக்குப் பிறகு முழித்திருக்கச் சொல்வது நல்லதாக எனக்குப் படவில்லை.

பிறகு பில். பிரசுரத்தில் போட்ட விலை ஒன்று, வீட்டுக்கு வருகிற விலை இன்னொன்று. 2022 செப்ரெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 வீதம் ஏறின. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. வேறு வரிகளும் இருக்கின்றன. எந்தப் பக்கேஜின் விலையைக் கேட்டாலும் "வரியோடயா, வரி இல்லாமலா?" என்று கேட்பது எங்கள் வீட்டில் இப்போது அனிச்சையாகிவிட்டது.

ஏழரை மணி

இப்படியே இழுபட்டுக்கொண்டு இருந்தது. அதைத் திருப்பியது ஒரு சனிக்கிழமை இரவு. தம்பி வழக்கம்போல எடுத்தான். அம்மா போனை நாடிக்குக் கீழே பிடிப்பார். அங்கே இருக்கிறவனுக்குத் தெரிவது அம்மாவின் மூக்குக்கண்ணாடியின் கீழ் விளிம்பும் அதற்கு மேலே சுற்றுகிற பானும்தான். எவ்வளவு சொல்லியும் திருத்த முடியவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தால் குரல் போகாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் தம்பி கண்ணாடி மாதிரித் தெரிந்தான். குசினி மேசை, கோப்பிக் கோப்பையில் இருந்து எழும்புகிற ஆவி, பின்னால் மருமகள் பள்ளிக்கூடப் பையைக் கிளறுவது எல்லாம் தெரிந்தது. ஆனால் அவன், "அம்மா, படம் நிக்குது, வாய் திறந்தபடி நிக்குறீங்கள், கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா பதிலுக்குக் கத்தினார். அங்கே போய்ச் சேர்ந்தது அரைச் சொல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எங்களுக்கு வருகிறான். நாங்கள் அவனுக்குப் போகவில்லை. பிரசுரத்தில் பெரிதாகப் போட்டிருந்ததும், இவ்வளவு காலமும் நாங்கள் சண்டை பிடித்ததும் இறங்குகிற வேகத்தைப் பற்றி. பிரச்சினை, இங்கே இருந்து படத்தை வெளியே ஏற்றுகிற வேகத்தில் இருந்தது. உடனே என்ர போனில் வேகம் அளந்து பார்த்தேன். இறக்கம் 11. ஏற்றம் ஒன்றுக்கும் கீழே. அடுத்த நாள் விடிய, கோயில் மணி கேட்கிற நேரத்தில் எழும்பி, அதே கதிரையில் இருந்து திரும்ப அளந்தேன். இறக்கம் 40ஐத் தாண்டியது, ஏற்றம் 12. அதே ரவுட்டர், அதே சிம், அதே சுவர். மாறியது நேரம் மட்டும்.

அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே சனி ஞாயிறு ஆறுதலாக எழும்பிக் கோப்பி குடிக்கிற பத்து மணி, இங்கே இரவு ஏழரை. லண்டனில் சாப்பிட்டுவிட்டு இருக்கிற பின்னேரம் மூன்று மணி, இங்கே அதே ஏழரை. குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம் தள்ளும், அவ்வளவுதான். பாரிசும் சூரிச்சும் லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால். கனடாவிலும் ஐரோப்பாவிலும் எங்கள் ஆட்கள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் வசதியாக வருகிற நேரம் அதுதான். அங்கே எல்லாரும் முழித்திருக்கிறார்கள், இங்கே ஒருவரும் இன்னும் படுக்கவில்லை. யாழ்ப்பாணம் முழுக்க அந்த நேரத்தில் போன் ரவர்களில் தொங்குகிறது. ஒரு நாள் அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் நடந்து போனேன். மதிலுக்கு மதில், விறாந்தைக்கு விறாந்தை, ஒரே கேள்விதான்: "கேக்குதா? இப்பக் கேக்குதா?"

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இது இன்னும் மோசம். இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றி வருகிற சனம் எல்லாம் போனோடுதான் வருகிறது, தேருக்கும் தீர்த்தத்துக்கும் பாதிப் பேர் கையை உயர்த்தி வெளிநாட்டுக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வீடு கோயிலுக்குத் தூரம் இல்லை. அந்த நாட்களில் பின்னேரம் எங்கள் ரவுட்டர் விளக்கு மட்டும் எரியும்.

இறக்கம் தாங்குகிறது, ஏற்றம் ஏன் சாகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ரவர் பத்துக்கணக்கான வாற்றில் பேசுகிறது. எங்கள் வீட்டு ரவுட்டரோ போனோ பதில் சொல்வது ஒரு வாற்றில் ஐந்தில் ஒரு பங்கில். கோயில் ஸ்பீக்கர் எங்கள் குசினி வரை கேட்கும். குசினியில் இருந்து நாங்கள் கூப்பிட்டால் ஐயருக்குக் கேட்குமா? இடையில் தென்னோலை, பனையோலை. மழை பெய்து ஓலை நனைந்தால் இன்னும் மோசம். இதற்கு மேல், வீட்டு இன்ரநெற்றுக்குப் பாவிக்கிற 4ஜியில் கன இடங்களில் ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிட்டு, பெரும் பங்கை இறக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்களை மனதில் வைத்துக் கட்டியது அது. எங்கள் வீடுகளில் நாங்கள் பார்க்கப்படுகிறவர்கள். அம்மாவின் முகம், செத்தவீடு, பிள்ளையின் பிறந்தநாள், வாழைக்குலை வெட்டினது, கிணறு இறைத்தது எல்லாம் இங்கே இருந்து ஏறுகிறது. வெளியில் இருக்கிற கமராவும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஊரில் இன்ரநெற் விற்கிறவர்கள் இதைத் தெரியாமல் இருக்க மாட்டார்கள். தெரிந்தும் ஏன் அந்த இரண்டாவது எண்ணைக் கண்ணில் படாத இடத்தில் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

அம்மா ஏன் கத்துகிறார் என்பதும் அன்றைக்கு யோசனைக்கு வந்தது. அவர் தொலைபேசி பழகியது வீட்டில் இல்லை. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாமல் நாங்கள் இருந்த வருசங்களில் போன் என்பது கொழும்புக்குப் போய் வருகிறவர் சொல்கிற கதை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொமினிகேசன் கடைகளில் வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் போய், ஓடுகிற நிமிசக் கணக்கைப் பார்த்துக்கொண்டே தம்பியோடு கதைத்தவர் அவர். நிமிசத்துக்குக் காசு, லைனில் இரைச்சல், வெளியில் அடுத்த ஆள். 2006 ஓகஸ்ரில் பாதை பூட்டின பிறகு அதுவும் நிச்சயம் இல்லாமல் போனது. அந்தக் குரல் அவருக்கு அப்படியே நின்றுவிட்டது. "குரல் கேட்டாக் காணும்" என்று அவர் சொல்வது சிக்கனத்தால் வந்த பேச்சு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குரல் போய்ச் சேருமா என்பதே சந்தேகமாக இருந்த காலத்தில் இருந்து வருகிற பேச்சு அது. படம் அவருக்கு ஆடம்பரம்தான்.

இதற்குப் பிறகு எனக்குக் கேள்வி மாறிவிட்டது. சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு இங்கே இருந்து வெளியே எவ்வளவு போகும்? பெடியன் திரும்ப வந்தபோது இதைத்தான் கேட்டேன். முழித்தான். "அண்ணை, அது... நல்லாத்தான் இருக்கும்." அவனைக் கேட்டுப் பயன் இல்லை என்று விட்டுவிட்டு, ஏற்கெனவே பைபர் எடுத்த வீடுகளுக்குப் போய், அந்த நேரத்திலேயே அளந்து காட்டச் சொன்னேன். ஆட்கள் சிரித்தார்கள், ஆனால் காட்டினார்கள். ஏற்றம் காலையிலும் இரவிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. எனக்கு வேண்டிய தகவல் அதுதான்.

பைபரும் பங்குதான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் சரி. ஜிபொன் என்று சொல்கிற முறையில் ஒரே கண்ணாடி இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ அதற்கு மேலுமோ கொடுப்பார்கள். இறங்குகிற ஒளியின் அலைநீளம் 1490 நனோமீற்றர், ஏறுகிற ஒளியினது 1310. இரண்டும் ஒரே இழையில் எதிர் எதிராகப் போகும், முட்டாது. கண்ணுக்கும் தெரியாது. இறக்கத்துக்கு மொத்தம் இரண்டரை ஜிகாபிட், ஏற்றத்துக்கு ஒன்றேகால். 32 வீடும் ஒரே நேரத்தில் ஏற்றினாலும் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் வரும். ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் ஏற்ற நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஒருவர் கத்தி இன்னொருவரை அமத்த முடியாது. ஓலைக்கும் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவின் படத்துக்கு வேண்டியது இரண்டு. ஆகவே மிகச் சின்னப் பைபர் பக்கேஜே தம்பியின் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அவன் சொல்கிற பெரிய பக்கேஜால் வருகிற இலாபம் அவனுக்கு ஒரு துளியும் இல்லை.

இதை அவனுக்கு விளங்கப்படுத்துவது லேசாக இருக்கவில்லை. அவன் புதிதாக ஸ்டார்லிங் என்ற செய்மதி இன்ரநெற்றைக் கொண்டு வந்தான். 2025 ஜூலையில் இலங்கையில் அது தொடங்கியதில் இருந்து கனடாவில் இருக்கிற பாதிப் பேருக்கு ஊரில் இருக்கிற எல்லா வருத்தத்துக்கும் அதுதான் மருந்து. கெட்டிக்காரத்தனமான சாமான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்க, இவை 550 கிலோமீற்றர் அளவில் ஓடுகின்றன, அதனால் தாமதம் குறைவு. ஆனால் அதன் அன்ரனாத் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். எங்கள் வளவில் வானம் தெரிகிற இடம் கிணற்றுக்கு மேலே மட்டும்தான், மிச்சம் எல்லாம் தென்னை. நெடுந்தீவில் இருக்கிற ஒருவர் எடுத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. என்னைப் போல வாசலில் பைபர் போகிற கொக்குவில்காரன் கூரையில் தட்டு வைப்பது படம் காட்டுகிற வேலை.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன். எந்த லைன் எடுத்தாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, இரண்டு பேரும் நிறுத்தி, திரும்ப இரண்டு பேரும் தொடங்குகிற அந்தக் கூத்து முழுதாகப் போகாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். இங்கே இருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் 14,000 கிலோமீற்றர் அளவு. போய் வரவே செக்கனில் ஏழில் ஒரு பங்கு வேண்டும், கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. அதைப் பக்கேஜால் சுருக்க முடியாது. "சரி அண்ணா, அப்ப ஒராள் கதைச்சு முடிய மற்றாள் கதைப்பம்" என்றான். அம்மாவிடம் அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சுவருக்கு இந்தப் பக்கம்

பைபர் வாசல் வரை வந்து என்ன, அம்மாவின் அறைக்குப் போக வேண்டுமே. எங்களுடையது அப்பப்பா காலத்துக் கல்வீடு. சுண்ணாம்புக் கல்லில் கட்டிய சுவர், ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்பு. பூட்ட வருகிறவர்கள் பெட்டியை முன் விறாந்தையில் வைக்கத்தான் பார்ப்பார்கள், வயர் அங்கேதான் வருகிறது. அம்மாவின் அறை பின்னால், குசினிக்குப் பக்கத்தில். இடையில் மூன்று சுவர். 5 ஜிகாஹேர்ட்ஸ் வைஃபை வேகம் கூட, ஆனால் முதல் சுவரிலேயே சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. அம்மாவின் போன் பழையது, அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும். 300 எம்பிபிஎஸ் பக்கேஜ் எடுத்தாலும் அந்த அறையில் அந்தப் போனுக்குக் கிடைப்பது அதில் ஒரு மூலை.

பூட்டுகிற வேலை செய்கிற, தெரிந்த பெடியன் ஒருவனிடம் முதலே கேட்டேன். அவன் பிரசுரக்காரன் மாதிரி இல்லை, வீட்டுக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். "அண்ணை, வைஃபையை நம்பாதேங்கோ. விறாந்தையில இருந்து கூரைக்கு மேலால ஒரு லான் கேபிள் இழுத்து, பின்னுக்கு உங்கட பழைய ரவுட்டர் ஒண்டைப் போடுங்கோ." பழைய ரவுட்டரைப் புரட்டி, பின்னால் இருக்கிற துவாரங்களைக் காட்டினான். அவை 100க்கு மேல் விடாதவை. நாங்கள் 300 வாங்கியிருந்தால் பின் பக்கத்துக்கு 100தான் போயிருக்கும், அதற்குப் புது ரவுட்டர் வேறு வாங்க வேண்டும். பெரிய பக்கேஜுக்கு எதிராக மனைவிக்கு இதை விட நல்ல சாட்சி தேவைப்படவில்லை.

கரண்ட் பற்றியும் கேட்டேன். பழைய செம்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின் வந்தது; ஊர் இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். பைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த நேரம் வாங்கிய மினி யூபிஎஸ் அலுமாரிக்குள் கிடந்தது, அதைத் தூசி தட்டி எடுத்தேன். இன்னும் வேலை செய்கிறது. இடி மின்னலில் மட்டும் பைபர் எங்களுக்கு உண்மையான ஆறுதல். ஐப்பசி இடிக்குச் செம்புக் கம்பியால் மின் வந்து ரவுட்டர் கருகாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. ஆனால் அடப்ரர் சுவரில் செருகித்தானே இருக்கிறது, அதனால் முழக்கம் கேட்டால் ஓடிப் போய்ப் பிளக்கைக் கழற்றுகிற பழக்கத்தை அம்மா விடப்போவதில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

கடைசியில் சின்னதுக்கு அடுத்த பைபர் பக்கேஜை எடுத்தோம். ஆகச் சின்னது போதும் என்பது என் கட்சி, ஆனால் மகளின் பரீட்சை முடியும் வரைக்கும் டேட்டா கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று மனைவியே ஒரு படி ஏறிவிட்டார். வேகத்துக்காக இல்லை, ஜிபிக்காக. காசு விசயத்தில் தம்பிக்கும் அவருக்கும் இன்னும் இழுபறி. முழுவதையும் தான் கட்டுவதாக அவன் சொல்ல, "அவர் கட்டினா பிறகு எல்லாத்தையும் அவர்தான் தீர்மானிப்பார்" என்று இவர் சொல்ல, பாதிப் பாதி என்று ஒரு சமாதானம் வந்திருக்கிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்ப்போம். தம்பி முதல் நாளே வேகம் அளந்து படம் அனுப்பச் சொன்னான். ஏற்றத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். "இதென்ன, பாதிப் படம்?" என்றான்.

4ஜி சிம்மை நிறுத்தவில்லை. சின்ன ரீலோட்டோடு மேசையில் கிடக்கிறது. ஏனென்றால் புது வயர் ஒழுங்கைத் தூணில் இருந்து பக்கத்து வளவின் மாங்கொப்புக்குக் கீழால் வருகிறது, மழையும் காற்றும் தொடங்கினால் அந்தக் கொப்பு என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. வெட்டலாமா என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "கறுத்தக்கொழும்பான் தம்பி, காய்ச்சு முடியட்டும்" என்றார்.